மகாரதிகளின் அரசு: சாதவாகனர் எழுந்ததும் விழுந்ததும்

(நூலக வார விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாதவாகனர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது விழாக்குழு நண்பர் ஒருவர், "மௌரியர், குப்தர் என்றால் எல்லோருக்கும் தெரியும். இவர்களை யாருக்கு ஐயா தெரியும்?" என்று கேட்டார். தெரியாததால்தான் பேச வந்திருக்கிறேன். நம் பள்ளிப் பாடத்தில் அசோகரோடு ஒரு பாடம் முடிகிறது. குப்தரோடு அடுத்தது தொடங்குகிறது. நடுவே ஐந்நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்ட காலம் தக்காணத்தின் பெரிய அரசாக இருந்தவர்கள் சாதவாகனர்கள். கோதாவரிக் கரையில் பைத்தான் அவர்களுடைய தலைநகர். கிருஷ்ணைக் கரையில் தான்யகடகம், அதாவது இன்றைய அமராவதிப் பகுதி, அவர்களுடைய கீழைப் பெருநகர். உச்சத்தில் இருந்த காலத்தில் மேற்குக் கடலும் கிழக்குக் கடலும் அவர்கள் கையில் இருந்தன.

நமக்கு இன்னும் நெருக்கமான காரணம் ஒன்றும் உண்டு. பிற்காலச் சாதவாகனர் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் அரசனின் தலையும், சுற்றிலும் பிராகிருதத்தில் அவன் பெயரும் இருக்கும். திருப்பினால் அதே பெயர் தமிழுக்கு மிக நெருங்கிய மொழியில், தமிழி எழுத்தின் சாயலில் பொறித்திருக்கும். அரசன், மகன், திரு என்ற சொற்களை நாம் அதில் அடையாளம் காணலாம். 'கு' உருபையும் காணலாம். தமிழேதான் என்கிற அறிஞர்கள் உண்டு. தெற்குத் தக்காணத்தில் அன்று வழங்கிய பேச்சுமொழி, தெலுங்கு பிரிவதற்கு முந்தைய நிலை என்கிறவர்களும் உண்டு. எதுவானாலும், பிராகிருதத்தில் ஆணை எழுதிய ஓர் அரசு தன் ஆளுகையில் இருந்த தென்னாட்டு மக்களின் மொழியைக் காசில் ஏற்றி மதித்திருக்கிறது. சேரன் செங்குட்டுவன் வடக்கே சென்றபோது கங்கையைக் கடக்க உதவியவர்களாகச் சிலப்பதிகாரம் சொல்லும் நூற்றுவர் கன்னர் இவர்களே என்று பலரும் கொள்கிறார்கள்.

அவர்கள் எப்போது தொடங்கினார்கள் என்பதில் இன்னும் வழக்கு தீரவில்லை. 30 அரசர்கள், 460 ஆண்டுகள் என்று ஒரு புராணம் கணக்குச் சொல்கிறது. 300 ஆண்டுகள் என்று இன்னொன்று சொல்கிறது. முதற்கணக்கை நம்பியவர்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்குப் போனார்கள். காசுகளும் எழுத்தமைதியும் அதற்கு இடம் தரவில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 1ஆம் நூற்றாண்டு என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. புராணங்கள் இவர்களை ஆந்திரர் என்கின்றன. அவர்களுடைய கல்வெட்டு எதிலும் அந்தப் பெயர் இல்லை. ஆரம்பக் கல்வெட்டுகள் மேற்கு மகாராட்டிரத்தில் கிடைக்கின்றன; முதல் அரசனான சிமுகனின் காசுகளோ தெலங்கானாவின் கோட்டிலிங்காலாவில் கிடைத்திருக்கின்றன. சொந்த ஊர் எது என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. எப்படி ஆண்டார்கள் என்பதுதான் என் கேள்வி. வீழ்ச்சிக்கான விடையும் அதற்குள்ளேதான் இருக்கிறது.

அசோகருடைய கல்வெட்டுகளிலேயே ரட்டிகர், போஜர் என்ற பெயர்கள் வருகின்றன. தக்காணத்து உள்ளூர்த் தலைவர்கள் அவர்கள். பேரரசின் எல்லைக்குள் இருந்தார்கள். ஆனால் தங்கள் மண்ணில் தாங்களே பெரியவர்கள். கி.மு. 185 வாக்கில் மௌரியர் ஆட்சி முடிந்தது. பாடலிபுத்திரத்து அதிகாரிகள் போய்விட்டார்கள். இந்தத் தலைவர்கள் எங்கும் போகவில்லை. அடுத்த சில தலைமுறைகளில் 'மகா' என்ற அடைமொழி சேர்த்துக்கொண்டு மகாரதி, மகாபோஜர் என்று கல்வெட்டுகளிலும் காசுகளிலும் தலைநிமிர்ந்து நிற்கிறார்கள். தக்காணத்தில் அரசாள விரும்பிய எவரும் இவர்களை அழித்துவிட்டு ஆண்டிருக்க முடியாது. சாதவாகனர் அதை உணர்ந்தவர்கள்.

அதற்குச் சான்று நானேகாட்டில் இருக்கிறது. கொங்கணக் கடற்கரையிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையேறி ஜுன்னாருக்குப் போகும் பழைய கணவாய் அது. கீழே கல்யாணும் சோபாராவும் துறைமுகங்கள். மேலே பைத்தானுக்கும் தேர் என்ற ஊருக்கும் போகும் வண்டிப்பாதைகள். செங்குத்தான படிகளில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இடத்தில், பாறையைக் குடைந்து ஒரு பெரிய அறை செய்திருக்கிறார்கள். கணவாயின் தலைப்பில் கல்லில் குடைந்த பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது. சுங்கக் காசு போட்ட தொட்டி என்று ஊரார் சொல்கிறார்கள். அறையின் பக்கச் சுவர்களில் நீண்ட பிராமிக் கல்வெட்டு. செய்வித்தவர் தொடக்ககாலச் சாதவாகன அரசன் சாதகர்ணியின் அரசி நாகனிகா. அசுவமேதம் இருமுறை, ராஜசூயம் என்று வேள்விகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தட்சிணையாகத் தந்த பசுக்கள், குதிரைகள், யானைகள், ஊர்கள், காசுகள் எல்லாவற்றையும் எண்ணோடு கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் எண்குறிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தச் சுவரைத் தொடாமல் எழுத முடியாது.

பின்சுவரில் அரச குடும்பத்தின் உருவங்கள் வரிசையாக இருந்தன. இன்று உருவங்கள் இல்லை. பாதங்களின் சுவடும் மேலே பெயர்களும்தான் மிச்சம். சிமுகன் பெயர் இருக்கிறது. நாகனிகாவும் சாதகர்ணியும் சேர்ந்து நிற்கிறார்கள். இளவரசர்கள் நிற்கிறார்கள். அவர்கள் நடுவில் அரசகுலத்தில் பிறக்காத ஒருவரும் நிற்கிறார்: மகாரதி திரணகயிரர். நாகனிகாவின் தந்தை இவர் என்று கொள்கிறார்கள். குலமுதல்வனுக்கும் வாரிசுகளுக்கும் சரிநிகராக ஓர் உள்ளூர்த் தலைவருக்குச் சிலை வைத்த அரசு இது. கணவாயின் பாதுகாப்பு யார் கையில் இருந்திருக்கும் என்று நான் விளக்கவேண்டியதில்லை. மகாரதியின் மகளை மணந்து மகாரதியின் மலையை அடைந்தார்கள். மலையை அடைந்ததால் துறைமுகமும் உள்நாடும் ஒரே கயிற்றில் வந்தன.

அந்தக் கயிற்றில் ஓடிய வாணிகம் சாதாரணமானது அல்ல. செங்கடல் வழியாக வந்த கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கையேடு இருக்கிறது. நம் முசிறியையும் பேசும் அதே நூல்தான். பருகச்சத்திலிருந்து, அதாவது பரூச்சிலிருந்து, தெற்கே இருபது நாள் பயணத்தில் பைத்தான். அங்கிருந்து கிழக்கே பத்து நாள் பயணத்தில் தகரம் என்ற தேர். பைத்தானிலிருந்து மணிக்கற்களும் தேரிலிருந்து துணிவகைகளும் வண்டிகளில், பாதையில்லாத இடங்களைக் கடந்து துறைமுகத்துக்கு வருகின்றன என்று அவர் எழுதுகிறார். அதே நூலில் கசப்பான செய்தியும் ஒன்று உண்டு. கல்யாண் முன்பு முறையான துறைமுகமாக இருந்ததாம். ஆட்சி கை மாறிய பிறகு தடை விழுந்துவிட்டதாம். தவறிப்போய் அங்கே ஒதுங்கும் கிரேக்கக் கப்பலைக் காவலோடு பருகச்சத்துக்கு இழுத்துப் போய்விடுகிறார்களாம். துறைமுகத்துக்காக நடந்த போர் அது. எதிரி, மேற்கு சத்திரபர்கள் என்று நாம் அழைக்கும் சகர்கள்.

சகர்களில் நகபானன் நாசிக்கையும் கார்லேயையும் ஜுன்னாரையும் பிடித்துக்கொண்டான். அவனுடைய மருமகன் உஷவதாதன் நாசிக் குகையில் எழுதிய கல்வெட்டை நான் மாணவர்களுக்குக் கணக்குப் பாடம்போலச் சொல்லித்தருவது வழக்கம். அவன் குகையைக் குடைவித்து பௌத்தத் துறவிகளுக்குத் தந்தான். அதோடு கோவர்த்தனம் என்ற ஊரின் நெசவாளர் சங்கம் ஒன்றில் 2,000 காசுகளை மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டிக்குப் போட்டான். இன்னொரு நெசவாளர் சங்கத்தில் 1,000 காசுகளை நூற்றுக்கு முக்கால் வட்டிக்குப் போட்டான். முதலை எடுக்கக் கூடாது, வட்டியை மட்டும் செலவிடலாம். 2,000 காசுக்கு மாதம் 20, ஆண்டுக்கு 240. மழைக்காலத்தில் அங்கே தங்கும் 20 துறவிகளுக்கு ஆளுக்கு 12 காசு உடைப்பணம். கணக்கு ஒரு காசு பிசகவில்லை. சோழர் கல்வெட்டுகளில் முதல் நிற்கப் பொலிசை கொண்டு விளக்கெரிக்கும் ஏற்பாட்டைப் படித்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. ஆனால் இது அதற்கும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தையது. இந்த நெசவாளர் சங்கங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு தேவைப்படும்.

நகபானனை வீழ்த்தியவன் கௌதமிபுத்திர சாதகர்ணி. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கமோ அவன் காலம். 1906இல் நாசிக் அருகே ஜோகல்தம்பி என்ற ஊரில் ஒரு புதையல் வெளிப்பட்டது. 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள். எல்லாம் நகபானனுடையவை. அவற்றில் 9,000க்கும் மேற்பட்டவற்றில் கௌதமிபுத்திரன் தன் முத்திரையை மறுபடி அடித்திருந்தான். அந்தக் காசு ஒன்றை உற்றுப் பார்த்தால், மூன்று வளைவு கொண்ட மலைக்குறி நகபானனின் கன்னத்தின்மேல் அழுந்திக் கிடப்பது தெரியும். மலையின் விளிம்பில் அவன் மூக்கும் நெற்றியும் இன்னும் எட்டிப் பார்க்கும். உருக்கிப் புதிதாக வார்த்திருக்கலாம். உருக்கவில்லை. காசைக் கையில் வாங்கும் ஒவ்வொருவனும் யார் தோற்றான், யார் வென்றான் என்று பார்க்கட்டும் என்பது எண்ணமாக இருந்திருக்க வேண்டும்.

அவனைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி அவன் தாய் பாலஸ்ரீ சொன்னது. அவனுக்குப் பின், தன் பேரன் புலுமாவியின் 19ஆம் ஆட்சியாண்டில், நாசிக் மலையில் ஒரு குகையைத் துறவிகளுக்குத் தந்து அந்த அம்மையார் எழுதுவித்த கல்வெட்டு அது. பேரரசனின் தாய், பேரரசனின் பாட்டி என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். மகனுடைய நாடுகளையும் மலைகளையும் அடுக்குகிறார். மூன்று கடல்களின் நீரையும் அவன் குதிரைகள் குடித்தன என்கிறார். சகரையும் யவனரையும் பகலவரையும் அழித்தவன், நகபானனின் குலத்தை வேரறுத்தவன், நால்வருணக் கலப்பைத் தடுத்தவன் என்று பெருமை பேசுகிறார். இவையெல்லாம் அரசவைப் புகழ்ச்சி. ஆனால் நடுவில் வேறு குரல் ஒன்றும் கேட்கிறது. குற்றம் செய்த பகைவனையும் கொல்ல மனமில்லாதவன் என்கிறார். குடிமக்களின் இன்பத்தையும் துன்பத்தையும் தன்னுடையதாகக் கொண்டவன் என்கிறார். தாய்க்குப் பணிவிடை செய்வதில் ஒருநாளும் குறை வைக்காதவன் என்கிறார். மகனை இழந்த தாய் ஒருத்தி மலைப்பாறையில் இதை எழுதிவைத்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு கனக்கிறது. பழைய இந்தியக் கல்வெட்டுகளில் ஒரு பெண்ணின் துயரம் இவ்வளவு பெருமிதத்தோடு வெளிப்பட்ட இடம் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

போரைவிட, கௌதமிபுத்திரனின் நிர்வாகக் கடிதங்கள்தான் நமக்கு இன்று அதிகம் பயன்படும். அவையும் அதே குகையில் இருக்கின்றன. 18ஆம் ஆட்சியாண்டில், வெற்றிப் பாசறையிலிருந்து கோவர்த்தனத்து அமாத்தியருக்கு, அதாவது அந்தப் பகுதியின் அரச அதிகாரிக்கு, ஆணை போகிறது: உஷவதாதன் அனுபவித்துவந்த 200 நிவர்த்தன அளவு நிலத்தைத் திரிரச்மி மலை, அதாவது நாசிக் குகை மலைத் துறவிகளுக்குக் கொடுத்தோம். அதற்கு விலக்குகளும் தருகிறான். படைவீரர் உள்ளே நுழையக் கூடாது. அதிகாரிகள் தொடக் கூடாது. உப்புத் தோண்டக் கூடாது. உப்பு அரசனுக்குரியது, அந்த உரிமையையே விட்டுக்கொடுக்கிறான். நாட்டுக் காவலர் தலையிடக் கூடாது. ஆறு ஆண்டுகள் கழித்து, 24ஆம் ஆண்டில், இன்னொரு கடிதம். இதை அரசனும் அவன் தாயும் சேர்ந்து அனுப்புகிறார்கள். துறவிகளுக்கு முன்பு நாம் கொடுத்த நிலம் உழப்படவில்லை, அந்த ஊரில் குடியிருப்பார் இல்லை. ஆகவே நகர எல்லையில் அரச நிலம் 100 நிவர்த்தனம் அதற்குப் பதிலாகக் கொடுக்கிறோம். அதே விலக்குகள் இதற்கும் உண்டு.

போர் நடந்த நிலம் பாழாகிக் கிடந்தது. தானம் என்று எழுதிக் கொடுத்த நிலத்தில் ஏர் பூட்ட ஆளில்லை. துறவிகள் முறையிட்டிருக்கிறார்கள். மூன்று கடல்களைப் பேசும் அரசும் அதை ஒப்புக்கொண்டு மாற்று நிலம் தந்திருக்கிறது. அதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். அரசனுடைய காவலர் நுழையக்கூடாத நிலம் என்று அரசனே எழுதிக் கொடுக்கிறான். ஆர். எஸ். சர்மா போன்ற வரலாற்றறிஞர்கள் பிற்கால நிலவுடைமை முறையின் விதையை இந்த வரிகளில்தான் கண்டார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் துறவிகளுக்குத் தந்த 100 நிவர்த்தனத்தால் ஒரு பேரரசு விழுந்துவிடாது. விழவைத்த விரிசல் வேறு இடத்தில் இருந்தது. அதைக் கார்லேயில் காண்கிறோம்.

கார்லே சைத்தியத்தை, அதாவது பௌத்த வழிபாட்டுக் குகையை, மலைக்குள் ஒரு பெரிய மண்டபமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருபுறமும் தூண்வரிசை, சில தூண்களைத் தந்தவர்கள் யவனர்கள் என்று தூண்களே சொல்கின்றன. அதைக் கட்டுவித்தவர் வைஜயந்தி என்னும் வனவாசியைச் சேர்ந்த பூதபாலர் என்ற வணிகர். அங்கே புலுமாவியின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று இருக்கிறது. ஓர் ஊரையும் அதன் வரிகளையும் துறவிகளுக்குக் கொடுக்கிறார்கள். கொடுப்பவர் அரசன் அல்ல, அமாத்தியரும் அல்ல. மகாரதி மித்ரதேவரின் மகன் மகாரதி சோமதேவர். தந்தையும் மகாரதி, மகனும் மகாரதி. பதவி குடும்பச் சொத்தாகிவிட்டது. ஊரைக் கொடுக்க அரசனின் அனுமதி கேட்டதாக ஒரு சொல்கூட இல்லை. அரசன் பெயர் ஆண்டுக் கணக்குக்கு மட்டும் வருகிறது. அதே கார்லேத் துறவிகளுக்கு ஊர் ஒன்றைச் சாதவாகன அரசாணை தந்திருக்கிறது. அரசன் செய்வதை மகாரதியும் செய்யலாம் என்ற நிலை அப்போதே வந்துவிட்டது. கவனியுங்கள், இது வீழ்ச்சிக் காலம் அல்ல. தாலமி என்ற கிரேக்கப் புவியியலார் பைத்தானைப் புலுமாவியின் தலைநகர் என்று குறித்துவைத்த செழிப்புக் காலம்.

செழிப்பைப் பற்றிச் சொல்லும்போது கலையைச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு அரசர் கதையாகவே முடிந்துவிடும். சாஞ்சியின் தெற்குத் தோரணத்தில் சாதகர்ணியின் சிற்பிகளுக்குத் தலைவரான ஆனந்தர் தம் கொடையைப் பதிந்திருக்கிறார். அதே வாயிலில் விதிசையின் தந்த வேலைக்காரர்களும் பதிந்திருக்கிறார்கள். கர்நாடகத்தின் கனகனஹள்ளியில், பீமா நதிக்கரைப் பௌத்தத் தூபத்தில், அரசர் அசோகர் என்று பெயர் வெட்டிய சிற்பம் கிடைத்தது. அதே தூபத்தில் சாதவாகன அரசர்களின் உருவங்களும் பெயரோடு கிடைத்தன. புலுமாவி உஜ்ஜயினியைத் தானமாகத் தருவதாக ஒரு பலகை காட்டுகிறது. அமராவதித் தூபத்துக்கு ஒரு மணி நேரமாவது தனியாக வேண்டும். அங்கே ஒரு சிற்பத்தில், பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லில், மதம்பிடித்த யானையின் வெறியும் கூட்டத்தின் அச்சமும் உயிரோடு அசைகின்றன. 1797இல் காலின் மெக்கன்சி அங்கே போனபோது, உள்ளூர் ஜமீன்தார் தூபத்தின் கற்களைக் கட்டட வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். 1845இல் வால்டர் எலியட் தோண்டிச் சென்னைக்கு அனுப்பிய கற்களில் பெரும்பகுதி பிறகு லண்டனுக்குப் போய்விட்டது. மிச்சமுள்ள பெரிய தொகுப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேருந்தில் போய்ப் பார்க்கும் தொலைவில் இருந்தும் போகாதவர்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பீர்கள். அடுத்த வாரமே போய்வாருங்கள்.

அமராவதிக்கு யார் கொடுத்தார்கள்? பூரணகும்பம் செதுக்கிய ஒரு பலகையைத் தந்தவர் விதிகர் என்ற தோல் தொழிலாளி. இன்னொரு கொடை தமிள கண்ணன் என்பவருடையது. தம்பியோடும் தங்கையோடும் சேர்ந்து தந்திருக்கிறார். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு குடும்பம் கிருஷ்ணைக் கரையில் கல் தந்து பெயர் வெட்டிக்கொண்டிருக்கிறது. இலக்கியத்திலும் இந்த உறவு உண்டு. ஆலன் என்ற சாதவாகன மன்னன் தொகுத்ததாகச் சொல்லப்படும் காதா சப்தசதி என்ற பிராகிருதக் காதற்பாடல் தொகுப்பைப் படிக்கிற தமிழருக்கு அகத்திணை நினைவு வராமல் இருக்காது. குணாட்டியர் என்ற கதாசிரியர் சாதவாகனர் அவையைச் சேர்ந்தவர் என்பது மரபு. அவருடைய பிருகத்கதை மறைந்துவிட்டது, அதன் வழிவந்த கதையைக் கொங்குவேளிரின் பெருங்கதை தமிழில் காத்துவைத்திருக்கிறது.

இனி வீழ்ச்சி. நகபானனின் குலம் போனது. இன்னொரு சகக் குலம் எழுந்தது. கி.பி. 150ஐச் சேர்ந்த ஜுனாகட் கல்வெட்டில் ருத்ரதாமன் சொல்கிறான்: தட்சிணாபத அரசனான சாதகர்ணியை நேர்ப்போரில் இருமுறை வென்றேன், நெருங்கிய உறவு என்பதால் அழிக்காமல் விட்டேன். உறவு என்ன என்று கான்ஹேரி கல்வெட்டு காட்டுகிறது. சாதவாகன அரசன் வாசிஷ்டிபுத்திர சாதகர்ணியின் அரசி ஒரு மகாசத்திரபனின் மகள். ருத்ரதாமனின் மகள் என்றே கொள்கிறார்கள். வருணக் கலப்பைத் தடுத்தவன் என்று கௌதமிபுத்திரனைப் பாலஸ்ரீ புகழ்ந்த அதே குடும்பத்தில் சகப் பெண் மருமகளாக வந்தாள். அதில் குறை காண எனக்கு மனமில்லை. பழைய உபாயம்தான் அது: மகாரதியின் மகளை மணந்து மலையைப் பெற்றவர்கள், சகனின் மகளை மணந்து உயிரைக் காத்துக்கொண்டார்கள். ஆனால் குஜராத்தும் மாளவமும் கைவிட்டுப் போயின. பருகச்சம் திரும்பி வரவே இல்லை.

யக்ஞஸ்ரீ சாதகர்ணி காலத்தில் ஒரு மீட்சி உண்டு. அவன் கல்வெட்டுகள் மேற்கே நாசிக்கிலும் கான்ஹேரியிலும், கிழக்கே ஆந்திரக் கடற்கரையின் சின்னகஞ்சாமிலும் கிடைக்கின்றன. இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறித்த காசுகள் கீழைக் கடற்கரையில் கிடைத்திருக்கின்றன. மேற்குத் துறைமுகம் போனால் கிழக்குத் துறைமுகம் என்று அரசு கடலை மாற்றிப் பார்த்தது. அவனுக்குப் பின் வந்த விஜயனின் 5ஆம் ஆண்டுக் கல்வெட்டு செப்ரோலுவில் கிடைத்திருக்கிறது. கி.பி. 207 என்று கணிக்கிறார்கள். பிராகிருதத்தில் ஆண்ட குலத்தின் கடைசி நாட்களில் சமஸ்கிருதக் கல்வெட்டு வந்துவிட்டது.

கடைசிக் கல்வெட்டு பெல்லாரிப் பக்கத்து மியாகதோனியில் ஒரு பாறையில் இருக்கிறது. சாதவாகனன் புலுமாவியின் 8ஆம் ஆண்டு. நாசிக் புலுமாவி அல்ல. அவன் பெயர் கொண்ட பின்னோன். செய்தி சிறியது. ஊரில் ஒரு குடும்பத் தலைவர் குளம் வெட்டினார். ஆனால் அந்தக் குளம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முறையைப் பாருங்கள். அரசன் புலுமாவியின் ஆண்டில், மகாசேனாபதி கந்தநாகனுடைய நாட்டில், படைத்தலைவன் குமாரதத்தனுடைய ஊரில். நாடு சேனாபதியுடையது, ஊர் படைத்தலைவனுடையது. அரசனுக்கு ஆண்டு மட்டும் மிச்சம். அந்த நாட்டின் பெயரோ சாதவாகனி ஆகாரம், அதாவது சாதவாகனரின் பெயரையே தாங்கிய மண். பகைவர் கோட்டையை உடைத்து உள்ளே வந்ததாக எந்தச் சான்றும் இல்லை. நானேகாட்டில் அரசனுக்குப் பக்கத்தில் சிலையாக நின்றவர்கள், கார்லேயில் தாமே ஊர் கொடுத்தவர்கள், இங்கே முழு நாட்டையும் தமதாக்கிக்கொண்டார்கள். ரோமானிய வாணிகம் குறைந்ததும் வருவாயைத் தேய்த்திருக்கும். ஆனால் வருவாய் குறைந்தால் அரசு சுருங்கும், சிதறாது. சிதறவைத்தது, எழும்போது உள்ளூர்த் தலைவர்களோடு செய்துகொண்ட அந்த உடன்பாடுதான் என்பது என் துணிபு. அதைத் தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். அது இல்லாமல் அவர்கள் எழுந்திருக்கவே முடியாது.

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் துண்டுகள் தனித்தனி அரசுகளாயின. வனவாசியில் சூட்டுக் குலத்தார் சாதகர்ணி என்ற பெயரையே வைத்துக்கொண்டு ஆண்டார்கள். கிருஷ்ணைக் கரையில் விஜயபுரியில், இன்றைய நாகார்ஜுனகொண்டாவில், இட்சுவாகு குலத்துச் சாந்தமூலன் அசுவமேதம் செய்தான். நாசிக்கை ஆபீரர் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஆபீர அரசன் ஈசுவரசேனனின் 9ஆம் ஆண்டில் நாசிக் குகையில் ஒரு கல்வெட்டு. விஷ்ணுதத்தை என்ற சகப் பெண், பௌத்த உபாசிகை, நோயுற்ற துறவிகளின் மருந்துச் செலவுக்காகப் பணம் போட்டிருக்கிறாள். எங்கே? கோவர்த்தனத்துத் தொழிற்சங்கங்களில். குயவர், எண்ணெய் ஆட்டுவோர், நீர்ப்பொறி செய்வோர் சங்கங்கள். உஷவதாதன் நெசவாளரிடம் பணம் போட்ட அதே ஊர், அதே குகை. இடையில் நகபானன் போனான், கௌதமிபுத்திரன் வந்து போனான், சாதவாகனக் குலமே போய்விட்டது. சங்கங்கள் வட்டி கொடுத்துக்கொண்டிருந்தன. எண்ணெய்ச் செக்காட்டுகிறவர்களின் சொல்லை நம்பி ஒரு பெண் நிரந்தர முதலீடு செய்யத் துணிந்தாள் என்றால், அரசு விழுந்தபோது சமூகம் விழவில்லை என்று பொருள். இதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், தேர்வில் கேட்காவிட்டாலும்.

நிர்வாகமும் அப்படியே முழுதாக அழிந்துவிடவில்லை. குண்டூர்ப் பகுதியில் மயிதவோலு என்ற ஊரில் பல்லவச் செப்பேடு ஒன்று கிடைத்தது. பல்லவர்களின் மிகப் பழைய செப்பேடுகளில் ஒன்று, மொழி பிராகிருதம். இளவரசன் சிவஸ்கந்தவர்மன் காஞ்சிபுரத்திலிருந்து ஆணை அனுப்புகிறான். ஆணை போய்ச் சேரும் அதிகாரி தான்யகடகத்தில் இருக்கிறார். சாதவாகனரின் கீழைப் பெருநகருக்குக் காஞ்சியிலிருந்து கடிதம் போகும் காலம் வந்துவிட்டது. ஆந்திர நாட்டு விரிபரம் என்ற ஊரைப் பிராமணர் இருவருக்குக் கொடுத்திருக்கிறோம் என்கிறான். பிறகு விலக்குகள் வருகின்றன: உப்புத் தோண்டக் கூடாது, நாட்டுக் காவலர் தலையிடக் கூடாது, படைவீரர் நுழையக் கூடாது. கோவர்த்தனத்து அமாத்தியருக்குக் கௌதமிபுத்திரன் எழுதிய அதே விலக்குகள், ஏறக்குறைய அதே சொற்களில், இருநூறு ஆண்டுகள் கழித்துக் காஞ்சிபுரத்து எழுத்தர் கையால் எழுதப்பட்டிருக்கின்றன.